வளர்கிற பிள்ளையும் வளராத உத்தரவும்

நீதிமன்ற உத்தரவும் ஒரு பிரதிதான். கதையையும் கவிதையையும் பிரித்து மேய்கிற நாம், நம் பெண்களின் மஞ்சப்பையில் ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவே மடித்துக் கிடக்கிற அந்த மூன்று நாலு தாளை வாசிக்கவேண்டிய பிரதியாக ஒருநாளும் நினைத்ததில்லை. எம்.ஏ. தமிழில் எனக்குத் தொல்காப்பியம் சொல்லிக் கொடுத்தார்கள், தண்டியலங்காரமும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு ஜீவனாம்ச உத்தரவை எப்படி வாசிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பத்து வருசமாக எங்கள் பகுதிப் பெண்களோடு கோர்ட்டு வராந்தாவில் குந்தி எழுந்ததில் நானாகக் கற்றுக்கொண்ட வாசிப்பு இது.

எம்.சி. கேஸ் என்று நம் சனங்கள் சொல்கிற வழக்கின் முடிவில் வருகிற உத்தரவில் மூன்றே பாத்திரங்கள்தான்: மனுதாரர், எதிர்மனுதாரர், மைனர். முதல் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பேச்சு உண்டு. 'மனுதாரர் தரப்பில் கூறப்படுவதாவது' என்று ஆரம்பித்து அவள் அழுததையும் அடிபட்டதையும் யாருடையதோ ஆன ஒரு மொழியில் சொல்லி முடிப்பார்கள். மைனருக்கு அந்தப் பேச்சும் இல்லை. அதற்குப் பசி கிடையாது, உயரம் கிடையாது, செருப்பு அளவு கிடையாது. வயது மட்டும் உண்டு. அதுவும் மனுப் போட்ட அன்றைக்கு இருந்த வயது. மூன்று என்று எழுதிவிட்டால் அந்தத் தாளில் அது சாகிறவரைக்கும் மூன்று வயதுப் பிள்ளைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போகிறவர். 2013-இல் அவருக்கு வந்த உத்தரவில் பிள்ளைக்கென்று மாதம் 500 ரூபாய் எழுதியிருந்தது. அப்போது பிள்ளை பால்வாடியில் இருந்தது. பிள்ளை பத்தாவது முடித்த பிறகும் தாளில் அதே 500தான். அந்த அக்கா என்னிடம் சொன்னது: "த பாரு பாப்பா, புள்ள வளந்துடுச்சி. காசு மட்டும் இன்னும் பால்வாடியிலயே குந்தியிருக்குது." இந்த ஒரு வரியில் இருக்கிற விமர்சனத்தை எந்தத் தீர்ப்புத் திரட்டிலும் நான் படித்ததில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிக்கு எழுதுகிற உரைதான்.

சட்டம் அப்படி உறைந்து கிடக்கச் சொல்லவில்லை. அதுதான் இதில் வேடிக்கை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவு தொகையைக் கொடுக்கச் சொன்னது. அடுத்து வந்த 127-ஆவது பிரிவு, சூழ்நிலை மாறினால் தொகையையும் மாற்றலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு நம் வாயில் நுழையாத பெயரோடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதிலும் 144 கொடுக்கச் சொல்கிறது, 146 மாற்றலாம் என்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, பிள்ளை யாரிடம் இருப்பது, யார் செலவழிப்பது என்ற உத்தரவை அவ்வப்போது மாற்றலாம், நிறுத்தலாம் என்கிறது. பிள்ளை யாருக்கு என்று சொல்கிற உத்தரவு இறுதியானதல்ல, பிள்ளையின் தேவை மாறும்போது மாறவேண்டியது என்று 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. முற்றுப்பெறாத பிரதி, திறந்த பிரதி என்றெல்லாம் நாம் சிறுபத்திரிகைகளில் மல்லுக்கட்டிக் கொண்டிருந்ததற்கு முன்பே அவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். முற்றுப்பெறாத அந்தப் பிரதியின் அடுத்த வரியை எழுத யாருக்குக் கை எட்டுகிறது என்பதுதான் கேள்வி.

2

இதை இலக்கியத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம். விட்டுப்போன புருசனைத் தட்டிக் கேட்கிற பாட்டுக்கள் நம்மிடம் பழசாகவே இருக்கின்றன. வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டுப் பிரிந்து இருந்ததைக் கேட்டு, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நாலு புலவர்கள் பாடிய ஐந்து பாட்டுக்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை கிடக்கின்றன. மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளலிடம் போய், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ அவளிடம் போ என்று கேட்கிறார்கள். வகுப்பில் இதை 'புலவர்களின் அறவுணர்வு' என்று நடத்தினார்கள். இருக்கட்டும். நான் அந்த ஐந்தையும் ஐந்து மனுக்களாக வாசிக்கிறேன். மனுப் போட்டவர்கள் புலவர்கள். எதிர்மனுதாரன் அரசன். அவள் எங்கே? அழுதுகொண்டு நிற்கிறாள். அவளுக்குக் கேட்கப்படுவது அவனுடைய அருள், அவளுடைய பங்கு அல்ல. அவன் போகாவிட்டால் அவள் எதைத் தின்று உயிர் வாழ்வாள் என்று புலவர்கள் யாரும் கேட்கவில்லை.

அகநானூறு 256-ஆம் பாட்டில் இன்னொரு வழக்கு வருகிறது. கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணைக் கெடுத்துவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். அவை சாட்சிகளை விசாரிக்கிறது. அவன் பொய் வெளிப்படுகிறது. மரக்கிளையில் கட்டி வைத்துத் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். ஊரே ஆரவாரம் செய்கிறது. நல்ல தீர்ப்புத்தான். மறுநாள் காலையில் அந்தப் பெண் எதைக் கஞ்சி வைப்பாள் என்பது அந்தத் தீர்ப்பில் இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தும் இன்றுவரை இதே இலக்கணத்தில்தான் நடக்கிறது. அவனை நடுவில் நிறுத்தித் திட்டுவார்கள், அபராதம் போடுவார்கள். அவமானப்படுத்துவதற்குக் காட்டுகிற ஆர்வத்தில் பாதியாவது மாசாமாசம் கொடுக்கவைப்பதில் இருக்காது.

பிள்ளை எங்கே வருகிறது? மருதப் பாட்டுக்களில் வருகிறது. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடுகிற மகன். பரத்தை அவனைத் தூக்கிக் கொஞ்சுகிறாள், தாய் பார்க்கிறாள், ஊடல் தணிகிறது. பாணன், தோழி, விருந்தினர் என்று ஊடல் தீர்க்கிற வாயில்கள் பல உண்டு. அவற்றில் வலுவான வாயில் பிள்ளைதான். பிள்ளை என்பது புருசன் உள்ளே வருவதற்கான கதவு. கதவுக்குச் சோறு எதற்கு? நம் சினிமா இதை அப்படியே எடுத்துக்கொண்டது. பிரிந்த தாய்தகப்பன் படம் என்றால் கடைசி ரீலில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவேண்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருவரும் நிற்கவேண்டும், படம் முடிந்துவிடும். காய்ச்சல் வராமல் ஆரோக்கியமாக வளர்ந்து, எட்டாம் வகுப்புக்கு நோட்டு வாங்கக் காசு கேட்கிற பிள்ளையை வைத்துப் படம் எடுக்க ஆளில்லை.

கோர்ட்டிலும் பிள்ளை கதவுதான். எதைத் திறக்கிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது. தொகையை ஏற்றிக் கேட்டு இவள் மனுப் போட்டதும், அதுவரைக்கும் பிள்ளை எந்த வகுப்பு என்றே தெரியாதிருந்தவன், பிள்ளை எனக்கு வேண்டும் என்று கார்டியன் மனுப் போடுகிறான். "காசு கேட்டீன்னா புள்ளயத் தூக்கிடுவேன்" என்று பஸ் ஸ்டாண்டில் வைத்து மிரட்டிவிட்டுப் போகிறான். பாதிப்பேர் அங்கேயே மனுவைக் கைவிட்டுவிடுகிறார்கள். பிள்ளையைக் கேட்பது ஒரு வழக்கு, பிள்ளைக்குச் சோறு கேட்பது வேறொரு வழக்கு. ஒன்றை வைத்து மற்றதை அடிக்கமுடியாது. இதை அந்த வராந்தாவில் நின்று சொல்ல ஒரு ஆள் இருந்தால்கூடப் போதும், பல மனுக்கள் பிழைக்கும்.

3

எண்ணையும் வாசிக்கவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவில் 1955-இல் உச்சவரம்பு 500 ரூபாய் ஆனது. 1973-இல் புதுச் சட்டம் எழுதினார்கள். பிரிவின் எண் மாறியது, 500 மாறவில்லை. அந்த வரம்பை எடுத்தது 2001-இல். நாற்பத்தாறு வருசம்! விலைவாசி எங்கெங்கோ போனது. கைவிடப்பட்ட பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அரசாங்கம் போட்ட மதிப்பு அசையவில்லை. 'மாற்றலாம்' என்று ஒரு பிரிவில் எழுதிவிட்டு, மாற்றவே முடியாத கூரையை இன்னொரு பிரிவில் போட்டு வைத்திருந்தார்கள்.

கூரை போய்விட்டது. வாசல் இன்னும் குறுகல்தான். 'சூழ்நிலை மாற்றம்' என்கிற சொல்லைப் பாருங்கள். மாதச் சம்பளக்காரன் வீட்டில் சூழ்நிலை என்பது ஒரு நிலை. பதவி உயர்வு வரும், சம்பளச் சீட்டு வரும், அதைக் காட்டினால் மாற்றம் நிரூபணமாகிவிடும். அன்றாடங்காய்ச்சி வீட்டில் நிலை என்று ஒன்று ஏது? மழை பெய்தால் ஒரு சூழ்நிலை, மில் லோடு வரவில்லை என்றால் ஒரு சூழ்நிலை. எல்லா நாளும் மாறுகிற வாழ்க்கையை ஒரு மாற்றமாக நிரூபி என்று சட்டம் கேட்கிறது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்சநீதிமன்றம், இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் சத்தியப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும் என்றது. மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை சேரும் என்றது. நல்ல தீர்ப்பு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அன்றாடக் கூலிகளுக்கும் அந்தப் பத்திரம் தேவையில்லை என்று விலக்கும் கொடுத்தது. இரக்கம்தான். ஆனால் சென்ட்ரிங் வேலைக்குப் போய் நன்றாகச் சம்பாதிக்கிற ஒருவன், நான் கூலி, எனக்கு வேலையே இல்லை என்று கூண்டில் ஏறிச் சொன்னால், அவன் வாய்க்கு எதிராக இவள் வாய் மட்டும்தான் நிற்கும். உடம்பில் வலு இருக்கிற ஆண் வேலையில்லை என்று சொல்லித் தப்பமுடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதையும் யாராவது எடுத்துச் சொன்னால்தான் அன்றைக்குச் செல்லுபடியாகும்.

இன்னொரு சங்கடம். நம் சனங்களில் பல பேருக்கு மாற்றுவதற்கு ஒரு உத்தரவே கிடையாது. ஊரில் வைத்துத் தீர்த்துவிடுவார்கள். அறுத்துக் கட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாமீது சனாதனிகள் விவாகரத்தா என்று கூச்சல் போட்டபோது, சூத்திரர் எனப்படும் பெருந்திரளிடம் மணமுறிவு ஏற்கெனவே வழக்கத்தில் இருப்பதை எடுத்துக்காட்டித்தான் அம்பேத்கர் அவர்கள் வாயை அடைத்தார். 1955 சட்டமும் 29-ஆவது பிரிவில் வழக்காறான மணமுறிவை ஒத்துக்கொள்கிறது. புருசனை விட்டு விலகுகிற சுதந்திரம் நம் பெண்களுக்கு மனுவின் பேரன்கள் கொடுத்ததல்ல. ஆனால் அந்தச் சுதந்திரத்தோடு ஒரு முத்திரைத்தாளும் வருகிறது. 'இனிமேல் எந்தப் பாத்தியதையும் கோரமாட்டேன்' என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாளை வாசித்துப் பாருங்கள். எழுதிக் கொடுப்பவள் தாய். இழப்பது பிள்ளை. பிள்ளை கையெழுத்துப் போடவில்லை. தாய் எழுதிக் கொடுத்துவிட்டதால் பிள்ளையின் உரிமை போய்விடாது. அந்தத் தாளை மீறி மனுப் போடலாம். முறைப்படி கட்டினவளா இல்லையா என்று தாயைத்தான் நோண்டுவார்கள். பிள்ளைக்கு அந்தக் கேள்வியே இல்லை. முறையாகப் பிறந்ததானாலும் முறையின்றிப் பிறந்ததானாலும் தகப்பன் கொடுக்கவேண்டும் என்கிறது சட்டம். கொடுக்கிற கையோடு ஒரு வசையையும் நெற்றியில் ஒட்டியே கொடுக்கிறது என்பது வேறு விசயம்.

மாற்றம் கீழ்நோக்கியும் வேலை செய்யும். இந்துத் திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள். உத்தரவு பெற்றவள் 'கற்போடு இல்லை' என்றால் அதை மாற்றலாம், ரத்துச் செய்யலாம். பெறுகிறவன் கணவனாக இருந்தால் 'கற்பு' என்ற சொல் வராது, வேறொரு பெண்ணோடு உறவு என்று மட்டும் வரும். ஒரே வாக்கியத்தில் அவளுக்கு ஒரு குணம், அவனுக்கு ஒரு சம்பவம். இதைவிடத் தெளிவாக ஆணாதிக்கத்தை எந்த நாவலும் எழுதவில்லை. பிள்ளையின் பணம் இந்தக் கத்திக்கு வெளியே இருக்கிறது. தாய் யாரோடு பேசினாள், யாரோடு போனாள் என்று சொல்லிப் பிள்ளையின் சோற்றைக் குறைக்க வழியில்லை. ஆகவே மனுப் போடும்போதே தாய்க்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். வருசத்துக்கு இத்தனை சதவீதம் ஏற்றித் தரவேண்டும் என்றும் அப்போதே கேட்கலாம், அப்படி எழுதிய உத்தரவுகள் உண்டு.

4

பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் தலையாய சொல் 'நலன்'. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமும் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கின்றன. அந்த 1956 சட்டத்தின் 6-ஆவது பிரிவில் இயற்கைக் காப்பாளர் தகப்பன், 'அவனுக்குப் பிறகு' தாய். ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம். இந்தப் 'பிறகு'வுக்கு அவன் செத்த பிறகு என்றே நாற்பது வருசத்துக்குமேல் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்சநீதிமன்றம், அவன் கவனிக்காமல் விட்டாலும் 'பிறகு'தான் என்று வாசித்தது. ஒரு சொல்லை மாற்றி வாசித்ததில் எத்தனையோ தாய்மாருக்குக் கையெழுத்துப் போடுகிற உரிமை வந்தது. வாசிப்பு அரசியல் என்று நாம் சொன்னபோது சிரித்தவர்கள் இதைப் பார்க்கட்டும்.

'நலன்' என்ற சொல்லையும் அப்படி வாசிக்கவேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டியதும் அவன் வருகிறான். என்னிடம் ஓட்டு வீடு இருக்கிறது, மெயின் ரோட்டில் இருக்கிறேன், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன், அவள் காலனியில் ஒண்டுக் குடிசையில் இருக்கிறாள், விடிந்தால் வேலைக்குப் போய்விடுகிறாள் என்கிறான். பணம் அதிகம் இருப்பது ஒன்றே பிள்ளையைத் தீர்மானிக்காது என்று 1997-இல் தன்வந்தி ஜோஷி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கீழே அது வந்து சேர்வதற்குள் 'நலன்' என்பது சிமெண்டுத் தரை, ஃபேன், தனி அறை என்று ஆகிவிடுகிறது. சேரியை நலமில்லாத இடமாக ஆக்கி வைத்தது யார்? அதை ஆக்கியவர்களின் வசதி அவர்கள் பிள்ளைவளர்ப்புக்கு நற்சான்றிதழாகவும் ஆகவேண்டுமா? அவள் வேலைக்குப் போவது பிள்ளையைக் கவனிக்காத குற்றம், அவன் வேலைக்குப் போவது பிள்ளையைக் காப்பாற்றும் தகுதி. இது எந்த ஊர் நியாயம்?

சாதி மறுத்துச் செய்த கல்யாணம் முறிந்தால் விசயம் இன்னும் சிக்கல். தகப்பன் வேறு சாதி. பிள்ளை தலித் தாயோடு சேரியில் வளர்கிறது. சேரிப் பிள்ளையாகத்தான் நடத்தப்படுகிறது. தாலுக்கா ஆபீஸில் மட்டும், தகப்பன் சான்றிதழைக் கொண்டுவா என்கிறார்கள். அவன் அரிசி அனுப்பவில்லை, ஆனால் அவன் சாதி தவறாமல் வந்து நிற்கிறது. 2012-இல் ரமேஷ்பாய் தபாய் நாயக்கா வழக்கில் உச்சநீதிமன்றம், பிள்ளைக்குத் தகப்பன் சாதி என்பது ஒரு அனுமானம்தான், தாயின் சமூகத்தில் வளர்ந்து அதே இழிவையும் ஒதுக்கலையும் பட்டிருந்தால் அதை நிரூபிக்கலாம் என்றது. அங்கே பிள்ளை யாரிடம் வளர்ந்தது என்பதற்கு அந்தப் பழைய உத்தரவுத் தாளே சாட்சியாக நிற்கக்கூடும். ஆகவே அந்த மஞ்சப்பைத் தாள்களைக் கிழியாமல் பத்திரப்படுத்துங்கள் என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

5

கடைசியாக நம் எழுத்துக்கு வருகிறேன். அடுத்தவன் இலக்கியத்தைக் கிழித்துவிட்டு நம்முடையதைத் தடவிக் கொடுத்துக்கொண்டு போவது விமர்சனமல்ல. தலித் தன்வரலாறுகளிலும் கவிதைகளிலும் ஒற்றையாளாகப் பிள்ளை வளர்த்த தாய் நிறைய வருகிறாள். கூழைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தவள், கல் உடைத்துப் படிக்க வைத்தவள். அவளைத் தெய்வம் என்கிறோம், தியாகம் என்கிறோம், மேடையில் கண்கலங்குகிறோம். எல்லாம் உண்மை. ஆனால் தியாகம் என்று எழுதிய மறுகணமே கடன் தள்ளுபடியாகிவிடுகிறது. அவள் தனியாகச் சுமந்ததில் பாதி இன்னொருவன் சுமந்திருக்கவேண்டியது. அவன் நம் தகப்பன், நம் மாமன், சிலசமயம் நம் இயக்கத்தின் கிளைச் செயலாளர். அந்தப் பாதியை நம் எழுத்து கணக்குப் போட்டதே இல்லை. சாதிக்கு எதிராகக் கூர்மையாகப் பேசுகிற எழுத்து, எம்.சி. பாக்கி வைத்திருக்கிற தோழரைப் பற்றி வாய் திறப்பதில்லை. இயக்கத்தின் பேர் கெட்டுவிடுமாம். பிள்ளை பட்டினி கிடந்தால் பேர் கெடாதா?

சாட்சியம் என்பதை நாம் இதுவரை வலியின் சாட்சியமாகவே எழுதிவந்தோம். அதோடு கணக்கின் சாட்சியமும் வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இந்த மாசம் செருப்பு, இந்த மாசம் டாக்டர், பஸ் காசு, பரீட்சை ஃபீசு, வயசுக்கு வந்த பிள்ளைக்குத் துணி என்று தேதி போட்டு எழுதினால் அதுதான் 'சூழ்நிலை மாற்றம்'. எழுதத் தெரியாத அக்காவுக்கு அந்தப் பிள்ளையே எழுதட்டும். மனுவில் பேச்சில்லாத மைனர் தன் கையெழுத்திலேயே பேசியது மாதிரி இருக்கும். பாக்கியை ஒரு வருசத்துக்குள் கேட்டுவிடவேண்டும், அதற்குமேல் போனால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கிடைக்காது. அவன் ஒரு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீர்ந்துவிடாது என்று 1988-இலேயே உச்சநீதிமன்றம் குல்தீப் கவுர் வழக்கில் சொல்லிவிட்டது. வக்கீலுக்குக் காசில்லை என்று உட்கார்ந்துவிடவேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தரவேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கோர்ட்டு வளாகத்திலேயே அந்த ஆபீஸ் இருக்கும், கேட்டு உள்ளே நுழையவேண்டியதுதான்.

இதெல்லாம் இலக்கியமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். புருசனின் அருளுக்காக அடுத்தவர் பாடிய ஐந்து பாட்டு இலக்கியமானால், தன் பிள்ளையின் பங்கைக் கேட்டுத் தானே எழுதுகிற நாற்பது பக்கமும் இலக்கியம்தான். மாணவர்கள் ஆளுக்கு ஒரு அக்காவிடம் அந்தத் தாளை வாங்கி வாசியுங்கள். வயது எத்தனை என்று போட்டிருக்கிறது, இப்போது எத்தனை என்று பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில் எத்தனை வருசம் இருக்கிறதோ, அத்தனை வருசத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு மாற்று மனுப் போடக் கூடவே போங்கள்.